பிறீ அம்பிளிபயர்

தியாகலிங்கத்தாருக்கு அருவருப்பான ஆட்கள் இந்த உலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பந்தியில் இருந்துகொண்டு வடையை மடியில் கட்டுகிறவன், கோயில் வாசலில் காறித் துப்புகிறவன், டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிவிட்டுப் பல்லைக் காட்டுகிறவன். முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் கார்டாக வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு வேலணைக்கு வந்து சேர்ந்த மனிதர். இந்தக் கடைசி வகையை அவர் எத்தனை பேரைக் கண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் 1979ஆம் ஆண்டு முடிவதற்குள் இந்தப் பட்டியலில் எல்லாருக்கும் மேலே அவரே ஏறி இருந்துகொண்டார். அதற்குக் காரணம் ஒரு சின்னச் சொல்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. தவில். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் மற்றக் கார்டுகள் சம்பள நாளில் கள்ளுத் தவறணைக்குப் போவார்கள். இவர் இசைத்தட்டுக் கடைக்குப் போவார். நாதஸ்வரமும் தவிலுமாக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் சேர்ந்திருந்தன. ஊருக்கு வந்த இரண்டாம் வருஷமே பழைய ரேடியோகிராம் உப்புக்காற்றில் துருப்பிடித்து வாயை மூடிக்கொண்டது. பிறகு பெட்டியைத் திறந்து தட்டுகளைத் துடைத்துத் துடைத்து வைப்பதோடு சரி. குவைத்தில் இருந்த மகன் பாலசிங்கம் இதை அறிந்து ஒரு ஸ்டீரியோ செற் வாங்கி அனுப்பினான். தட்டுச் சுழலும் பிளேயர், கசெற் போடும் வசதியுள்ள அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

கொண்டுவந்தவன் ஊர்காவற்றுறையில் மீன் விற்கிற மாக்கிறேற்றின் மகன் குருசுமுத்து. அவனும் குவைத்தில், கப்பல் திருத்தும் தளத்தில் மின்வேலை பார்த்தான். தீவுப்பகுதிப் பெடியன்கள் யார் எதை வீட்டுக்கு அனுப்புவதென்றாலும் குருசுமுத்து லீவில் போகிறானா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவன் கையில் கொடுத்த சவர்க்காரக் கட்டிகூட ஆள் மாறிப் போனதில்லை. திரும்பிப் போகும்போது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைத் தாய்மார் எல்லாரும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளுமாக அவன் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பார்கள். அவனுடைய சாமானைவிட ஊராருடைய சாமான்தான் எப்போதும் கூட.

செற்றை இரண்டு கடதாசிப் பெட்டிகளில் கட்டி, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவந்து, சந்தியிலிருந்து தோளில் சுமந்து விறாந்தையில் இறக்கினான். தியாகலிங்கத்தாரின் மனைவி அன்னபூரணம் தேத்தண்ணி கொடுத்தாள். எந்தப் பேணியில் என்று சொல்லத் தேவையில்லை. விறாந்தைத் தூணுக்குப் பின்னால் ஓர் ஆணியில், மீன்காரருக்கும் கள்ளிறக்க வருகிறவருக்கும் என்று தொங்கிய பேணி. அவன் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்துப் போனான். அப்போது தியாகலிங்கத்தாருக்கு அது கண்ணில் படவே இல்லை.

கசெற் போட்டால் செற் வீட்டுக்கூரை கழன்று போகிற மாதிரிப் பாடியது. ஆனால் இசைத்தட்டைப் போட்டால் ஒன்றுமில்லை. பட்டனைக் கடைசிவரை திருப்பினாலும் எங்கோ மண்கும்பான் கடற்கரையில் யாரோ வாசிக்கிறது போல ஒரு கீச்சுக் குரல். நாதஸ்வரம் மூக்கால் அழுதது. தவிலோ, பழைய தகரப் பேணியில் சுள்ளியால் தட்டினதுபோல் கேட்டது. அவர் ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு இருப்பார். அந்த நேரம் பார்த்து அன்னபூரணத்தின் தம்பி ஏரம்பு வந்து, அத்தான், அந்த அழுமூஞ்சியை நிற்பாட்டிப்போட்டுச் சினிமாப் பாட்டுக் கசெற்றைப் போடுங்கோ என்பான். அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

மகனுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. தாயும் வாசித்து விளங்கவேண்டும் என்று பாலசிங்கம் எப்போதும் தமிழில்தான் எழுதுவான். தியாகலிங்கத்தாரே எல்லாருக்கும் கேட்க உரத்து வாசித்தார். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: “றெக்கோட் பிளேயருக்கு ஒரு பிறீ அம்பிளிபயர் போடவேணும். அது இல்லாமல் சத்தம் வராது.”

இங்கிலீசில் அது இரண்டு சொல். முன்னால் என்று ஒன்று, இலவசம் என்று மற்றது. யாழ்ப்பாணத்தார் வாயிலும் எழுத்திலும் இரண்டுமே பிறீதான். ஊசியிலிருந்து வருகிற நோஞ்சான் சத்தத்தைத் தூக்கி அம்பிளிபயருக்குக் கொடுக்க, அதற்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும் என்றுதான் மகன் எழுதியிருந்தான். தியாகலிங்கத்தாருக்கு இங்கிலீசு தெரியாமல் இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் சட்டைப்பையில் பிறீ பாஸ் வைத்துக்கொண்டு திரிந்தவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் நினைவில் வரவில்லை.

செற்றோடு ஓர் அம்பிளிபயரைக் கடைக்காரன் சும்மா போட்டுத் தரவேண்டும் என்று அன்னபூரணம் விளக்கம் சொன்னாள். போடவேணும் என்றால் போட்டுத்தானே இருப்பான், அப்படியென்றால் அது எங்கே என்று ஏரம்பு கேட்டான். மூன்று பேரும் விறாந்தையைப் பார்த்தார்கள். இரண்டு பெட்டிகள்தான் வந்தன. மூன்றாவது பெட்டி ஒன்று அந்த நிமிஷத்தில் மூன்று பேருடைய மனதிலும் உண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அதை இல்லையென்று ஆக்க யாராலும் முடியவில்லை. போன கிழமை ஊர்காவற்றுறை வேதக்கோயில் பெருநாளில் ஒலிபெருக்கி வழக்கத்தைவிடப் பெரிதாக முழங்கினது என்று ஏரம்பு ஞாபகப்படுத்தினான். அது எங்கடை அம்பிளிபயர்தான் அத்தான், நான் சத்தத்தைக் கேட்டே சொல்லுவன் என்றான்.

அடுத்தநாள் காலை இருவரும் ஊர்காவற்றுறைக்குப் பஸ் ஏறினார்கள். குருசுமுத்து மீன்சந்தைக்குப் பக்கத்தில், தாய் மாக்கிறேற்றின் கூடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றான். தியாகலிங்கத்தார் குரலை உயர்த்தவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் கதைக்கிற அதே மரியாதைக் குரலில் கேட்டார்.

“குருசுமுத்து, செற்றோடை வந்த பிறீ அம்பிளிபயர் எங்கை?”

அவன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு மின்வேலை தெரியும். அதனால் விஷயமும் சரியாகவே விளங்கியது. அதுதான் அவனுடைய கேடுகாலம்.

“அது அதோடை வாறேல்லை ஐயா. தனியக் காசு குடுத்துத்தான் வேண்டவேணும்.”

“பிறீ எண்டால் ஏன் காணும் காசு குடுக்கவேணும்?”

சந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பு தியாகலிங்கத்தாருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நியாயமான ஒரு கேள்வியால் ஒருவனை மடக்கிவிட்டேன் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குருசுமுத்து ஏதோ ஊசி, கரண்ட், சத்தம் என்று விளங்கப்படுத்தப் பார்த்தான். கள்ளன் நீளமாய்த்தான் கதைப்பான் என்று ஏரம்பு இடையில் வெட்டினான். குருசுமுத்து தாயின் கூடையை அவள் தலையில் வைத்துவிட்டு, ஐயாவைப் பாராமல் நடந்து போனான்.

தீவுகளில் பட்டம் வைப்பதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. மத்தியானத்துக்குள் அவன் ‘பிறீக் குருசு’ ஆகிவிட்டான். ஒருவனுக்குப் பட்டம் ஒட்டினால் அது அவனோடு நிற்காது, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். யாரோ ஒரு பாட்டன் எப்போதோ வழுக்கி விழுந்ததற்காக இன்றைக்கும் ‘சறுக்கியார் வளவு’ என்று பெயர் சொல்கிற ஊர் அது. மாக்கிறேற் வேலணை ஒழுங்கைகளில் மீன் கொண்டுவந்தால் வாசல் படலைக்குள் நின்றபடியே, இண்டைக்கு மீனும் பிறீயோ என்று கேட்டார்கள். அவள் மகன் லீவு முடிந்து புறப்பட்ட அன்று அவன் முற்றத்துக்கு ஒடியல்மாவோடு ஒருத்தியும் வரவில்லை. முதல் தடவையாகக் குருசுமுத்து தன்னுடைய சாமானை மட்டும் கொண்டு பஸ் ஏறினான். ஒரு சின்னப் பையோடு போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். ஏரம்பு அதைச் செற்றுக்கு முன்னால் இருந்து, கசெற் பாடப் பாட, ருசித்து ருசித்துச் சொன்னான்.

நடந்ததை எல்லாம் வெற்றிச் செய்தி போல மகனுக்கு எழுதியிருந்தார் தியாகலிங்கத்தார். பதில் ஆவணியில் வந்தது. இந்தமுறை உரத்து வாசிக்கவில்லை. முதல் வரியே இப்படி இருந்தது. ‘அப்பா, பி, ஆர், ஈ. எவ், ஆர், ஈ, ஈ இல்லை. நீங்கள் இங்கிலீசு படித்த மனுசன்.’ அதற்குக் கீழே சாமான் என்ன, எங்கே இணைத்துப் பூட்டுவது என்று படம் கீறி விளக்கியிருந்தான். கடைசியில், குருசுவின் முகத்தில் முழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, உடனே போய் ஊராருக்குச் சொல்லுங்கோ என்று இருந்தது.

கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து மனைவிக்குச் சொன்னார். அவள் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். பிறகு, ஊருக்கெல்லாம் சொல்லி உங்களை நீங்களே முட்டாளாக்க வேண்டுமா, ஊர் எதையும் மறந்துவிடும் என்றாள். ஏரம்பு இதைவிட ஒருபடி மேலே போனான். குருசு இதில் களவெடுக்காவிட்டால் வேறெதிலாவது எடுத்திருப்பான் என்றான். இப்படி ஒரு நியாயத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த தன் காதுகளே அவருக்கு அருவருத்தன.

அப்படியென்றால் உடனே போனாரா? இல்லை. அதுதான் இந்தக் கதையில் சொல்லக் கூசுகிற இடம். குருசுமுத்து அடுத்த லீவில் வரட்டும், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டார். கடிதத்தை மடித்துத் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தார். காலையில் தேவாரம் படிக்கப் புத்தகத்தைத் திறந்தால் அந்த நீலக் கடதாசி எட்டிப் பார்க்கும். நாலு மாதம் அவர் புத்தகத்தைத் திறக்காமல், மனப்பாடமாயிருந்த பதிகங்களை மட்டுமே பாடினார்.

மார்கழியில் ஒருநாள் விடியற்புறம் மாக்கிறேற் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் மீன்கூடை இல்லை. கையில் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு கடதாசிப் பெட்டி. விறாந்தைப் படியில் அதை வைத்தாள். அன்னபூரணம் பேணியை எடுக்கத் தூணடிக்குப் போனாள். வேண்டாம் பிள்ளை என்று மாக்கிறேற் தடுத்துவிட்டாள்.

“பெடியன் குவைத்தாலை குடுத்துவிட்டவன்” என்றாள். “இல்லாத சாமானைத் திருப்பித் தரேலாது எண்டு புதிசு வேண்டியிருக்கிறான். உங்கடை சாமான் ஒண்டும் எங்களிட்டை இல்லை எண்டு இனியாவது சொல்லுங்கோ. எனக்கு ஒழுங்கையிலை நடக்கேலாமல் கிடக்கு.”

தியாகலிங்கத்தார் கதிரையை விட்டு எழுந்தார். சொல்லவேண்டியது வாய்வரைக்கும் வந்தது. அன்னபூரணம் அவரைப் பார்த்த பார்வையில் அது திரும்ப உள்ளே போய்விட்டது. மாக்கிறேற் யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. அவள் படலையைச் சாத்திய கையோடு அன்னபூரணம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவினாள். பெட்டி நனையக்கூடாதென்று முதலில் அதைப் பத்திரமாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் கழுவினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தியாகலிங்கத்தாருக்கு, முப்பத்தைந்து வருஷம் தான் சாப்பிட்ட சோறு இந்தக் கையால்தானா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தக் கையைத் தான் ஒருநாளும் தடுத்ததில்லை என்பதும் கூடவே வந்தது.

செய்தி கேட்டு ஏரம்பு ஓடிவந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. நல்லதாய்ப் போய்விட்டது அத்தான் என்றான். அவன் எடுத்தானென்று நாங்கள் சொன்னோம், அவன் தந்துவிட்டான், இனி எங்கள் பக்கம் பிழையென்று யார் சொல்வான் என்றான். எடுக்காதவன் தருவானோ என்று கேட்டால் ஊர் வாயை மூடும், நீங்கள் போய் ஒருவரிடமும் தலைகுனியவும் தேவையில்லை, தவிலும் கேட்கலாம் என்றான். அன்னபூரணமும் தலையாட்டினாள். தியாகலிங்கத்தார் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பூட்டுவதா விடுவதா என்று யோசிக்க அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

மறுக்க நினைத்தால் காரணம் நூறு இருந்தது. ஆனால் மறுக்க மனம் வரவில்லை. இதையும் சொல்லியாகவேண்டும். பெட்டிக்குள் கிடக்கிற இசைத்தட்டுகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. வயது அறுபது ஆகிறது, காது எத்தனை நாளைக்கு? எப்படியும் வந்துவிட்ட சாமான். பூட்டிக் கேட்டுவிட்டு, பிறகு மன்னிப்பையும் கேட்டால் என்ன? இரண்டாவது வாளியைத் தலையில் ஊற்றும்போது வீட்டுக்குள்ளிருந்து தவில் கேட்டது.

ஏரம்பு பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்துப் பூட்டிவிட்டான். இதற்கு மட்டும் அவனுக்குக் கை வேலை செய்யும்.

அது தவில்தான். தகரப் பேணி இல்லை. இடப்பக்கம் கும்மென்று அடிவயிற்றில் இறங்கியது. வலப்பக்கம் விரலில் மாட்டிய கூடு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறித்தது. நாதஸ்வரம் மூச்சு எடுக்கிற இடம்கூடத் தெரிந்தது. ஆறு மாதமாக, இல்லை, ரேடியோகிராம் செத்த நாளிலிருந்தே அவர் ஏங்கிக்கிடந்த சத்தம். ஈரத்தோடு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். கண் தானாக மூடியது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், வலதுகை விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இருந்தன.

அந்த விரல்களைப் பார்க்கத்தான் அவருக்கு உண்மையான அருவருப்பு வந்தது. அது அன்னபூரணத்தின் வாளியைப் பார்த்து வந்ததைவிடப் பெரிது, ஏரம்புவின் பல்லைப் பார்த்து வந்ததைவிடப் பெரிது. டிக்கெட் இல்லாமல் முதலாம் வகுப்பில் ஏறிச் சாய்ந்து இருக்கிறவன் நான்தான் என்று நினைத்தார். ஒரு ஏழைப் பெடியனைக் கள்ளன் என்று சந்தையில் நிறுத்திவிட்டு, அவன் பாலைவனத்து வெயிலில் உழைத்து வாங்கினதைச் சும்மா எடுத்துப் பூட்டித் தாளம் போடுகிறேன். பிறீ அம்பிளிபயர். கடைசியில் நான் வாசித்த பொருள்தான் சரியாகிவிட்டது.

ஈர வேட்டியோடே உள்ளே போய் வயரைப் பிடுங்கினார். கச்சேரி பாதியில் அறுந்து, பழைய கீச்சுக் குரல்கூட இல்லாமல் போனது. ஏரம்பு, பழுதாகப் போகுது அத்தான் என்று கையைப் பிடித்தான். அவர் அந்தக் கையை உதறினார். பெட்டிக்குள் சாமானை வைத்துச் சணல் கயிற்றால் கட்டினார். தேவாரப் புத்தகத்தைத் திறந்து கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்னபூரணம் படலைவரை பின்னால் வந்தாள்.

“சந்தையிலை போய்ச் சொன்னால் எங்களை என்னெண்டு சொல்லுவினம் எண்டு யோசிச்சியளே?”

“ஓம். அதை யோசிச்சுத்தான் நாலு மாதம் இருந்தனான்” என்றார்.

ஊர்காவற்றுறையில் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். போன தடவை நின்ற அதே இடத்தில் போய் நின்றார். மாக்கிறேற் மீனைக் கூறு பிரித்துக்கொண்டு இருந்தாள். ரயில் கார்டின் குரல் அவருக்கு இன்னும் இருந்தது. ஆட்கள் திரும்பினார்கள். குருசுமுத்து ஒன்றும் எடுக்கவில்லை என்றார். அப்படி ஒரு சாமான் வரவேயில்லை, நான்தான் கடிதத்தைப் பிழையாக விளங்கினேன் என்றார். இங்கிலீசில் எந்தச் சொல், என்ன பிழை என்பதையும் எழுத்துக்கூட்டிச் சொன்னார். கள்ளன் என்றேனே, அவன் இல்லாத சாமானுக்குப் பதிலாகத் தன் உழைப்பில் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான், இந்தா அது என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினார். கடிதத்தையும் எடுத்து, வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கலாம் என்று நீட்டினார்.

ஒருவன் கடிதத்தை வாங்கி மற்றவனுக்குக் கொடுத்தான். பிறகு ஏலக்காரன் யாகப்பு, வாயில் சுருட்டோடு, ஆறுதலாகக் கேட்டான்.

“அப்ப பிறீ எண்டது நீங்கள்தானோ ஐயா?”

சந்தை சிரித்தது. ஆனி மாதத்தில் குருசுமுத்துவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அதில் எத்தனை பற்கள் இருந்தன என்று இந்தமுறைதான் அவருக்குத் தெரிந்தது.

“ஓம். நான்தான்” என்றார்.

மாக்கிறேற் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். பெட்டியை வாங்கிச் சாக்கின் மேல் வைத்தாள். ஐயா என்று சொல்லவும் இல்லை, அழவும் இல்லை.

“பெடியன் சித்திரையிலை வருவான்” என்றாள். “அவனுக்கு முன்னாலையும் இப்பிடிச் சொல்லுங்கோ. இதே இடத்திலை.”

“சொல்லுவன்.”

அவள் திரும்பி மீனைப் பார்க்கத் தொடங்கினாள். அவருக்கு அங்கே நிற்க வேறு வேலை இல்லை. மனம் லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். மீன் செதிலும் சேறுமாகச் செருப்புக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றார்.

பஸ் வந்தது. ஏறி இருந்தார். அவருக்கு முன்னால் செய்தி ஏறியிருந்தது. பின்சீற்றில் யாரோ எதையோ சொல்ல, இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடினார்கள். கொண்டக்டர் வேலணைப் பெடியன்தான், தெரிந்த முகம். மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் வெட்டிவிட்டு, கடைசியாக அவருக்குப் பக்கத்தில் வந்து கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றான்.

“பிறீ ஐயாவுக்கும் டிக்கெற்றோ?”

தியாகலிங்கத்தார் அந்தப் பெயருக்கு நிமிர்ந்து பார்த்தார். ஓம் என்று தலையாட்டிவிட்டு, வேலணைக்கு ஒன்று என்று சில்லறையை எடுத்துக் கொடுத்தார்.